கண்ணாடிக் கோழிக்கூடு

புகைப்படக்காரர்கள் சாதாரணமாக வெளிச்சம் போதவில்லை என்றுதான் குறைப்படுவார்கள். மேகமும் மழையும் ஓயாமல் மாறிவரும் இங்கிலாந்தின் தெற்குக் கரையோரத் தீவு ஒன்றில் இருந்துகொண்டு, கிடைத்த சொற்ப வெளிச்சத்திலும் ஒரு பெரும் பகுதியை வேண்டாமென்று திரை போட்டு மறைத்து, எஞ்சியதை ஒரே பக்கத்திலிருந்து முகத்தின்மேல் விழவிட்டு, அதனால் பாதி முகம் இருளில் போனாலும் போகட்டும் என்று துணிந்து, உருவப்பட உலகத்தில் அழியாத சில சித்திரங்களை எடுத்துவைத்த ஒரு பெண்மணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். ஜூலியா மார்கரெட் கேமரன் என்பது அவர் பெயர். பிறந்தது கல்கத்தாவில், 1815-ஆம் ஆண்டு. இறந்தது இலங்கை மலைநாட்டில், 1879-இல். பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு மாதா கோவிலின் மயானத்தில், கணவரும் அவரும் அடுத்தடுத்து அடக்கமாகியிருக்கிறார்கள்.

கேமரன் அம்மையார் கையாண்ட வெளிச்சத்தைப் பற்றிக் கலை விமரிசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் தயாரித்த ஆல்பங்களுக்கு அவ்வளவு கீர்த்தி இல்லை. இன்னாருக்கு என்று மனத்தில் வரித்துக்கொண்டு, அவருக்குப் பிடித்த முகங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒட்டி, அடியில் தம் கையாலேயே குறிப்பு எழுதி, முதல் பக்கத்தில் சமர்ப்பணமும் தேதியும் இட்டு அவர் கொடுத்த அந்த ஆல்பங்கள் கடைச் சரக்கு அல்ல. ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. படம் பிடிக்கும்போதே அது யார் கைக்குப் போய்ச் சேரப்போகிறது என்ற நினைவு அவருக்கு இருந்தது என்றும், அந்த நினைவுதான் அவரை முகத்துக்கு அவ்வளவு சமீபத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்றும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கேமரன் அம்மையாரின் வெளிச்சத்தையும் ஆல்பத்தையும் தனித்தனியே பிரித்துப் பேசினால் இரண்டுமே பாதிதான் விளங்கும்.

தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்தவர். 1838-இல் ஜூலியா மணந்துகொண்ட சார்ல்ஸ் ஹே கேமரன், வயதில் அவரைவிட இருபது ஆண்டு மூத்த சட்ட நிபுணர். இலங்கைச் சரித்திரம் படித்த பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1833-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். இலங்கையின் மேல் ஏற்பட்ட மோகத்தில் அங்கே தோட்டங்கள் வாங்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1848-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிய பிறகும் அந்த மோகம் தீரவில்லை. 1860-இல் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில், கவிஞர் டென்னிசனின் வீட்டுக்கு அருகில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக்கிக் குடியேறியபோது, அதற்கும் இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வைத்து ‘டிம்போலா’ என்று அழைத்தார்கள்.

1863-ஆம் ஆண்டு டிசம்பரில் கேமரன் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். மகளும் மருமகனும், தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டுமென்று ஒரு காமிராவை வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் ரசாயனக் கலையொன்றைப் புதிதாகக் கற்பது என்பது அந்தக் காலத்தில் லேசான காரியமன்று. ஆனால் அவருக்கு அது முற்றிலும் அந்நியமான விஷயமும் அன்று. நன்னம்பிக்கை முனையில் 1836-இல் பரிச்சயமான வானநூல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல், புகைப்படக் கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1842-இல், கல்கத்தாவிலிருந்த அவருக்குச் சில மாதிரிப் படங்களை அனுப்பிவைத்திருந்தார். ஆல்பம் தயாரிக்கும் பழக்கமோ காமிராவுக்கும் முந்தியது. மியா என்று செல்லமாக அழைக்கப்பட்ட தம் சகோதரி மரியாவுக்கு அவர் ஓர் ஆல்பத்தைக் கொடுத்தது 1863 ஜூலையில். காமிரா வந்ததோ அதற்கு ஐந்து மாதம் கழித்து. பிறர் எடுத்த படங்களையும் சேர்த்து, வெறும் பக்கங்கள் பலவற்றை இனிமேல் வரப்போகும் படங்களுக்காக விட்டுவைத்து அந்த ஆல்பம் ஆரம்பமாகியது. கொடுப்பதற்கு ஆள் முதலில் கிடைத்துவிட்டது, கருவி பிறகுதான் வந்தது என்று சொல்லலாம்.

வீட்டிலிருந்த கரிக் கொட்டகை இருட்டறை ஆயிற்று. பையன்கள் வளர்த்துவந்த கோழிகளுக்காகக் கண்ணாடி வேய்ந்து கட்டியிருந்த கூடு படப்பிடிப்பு அறை ஆயிற்று. கோழிகளை வெளியே விட்டுவிட்டதாகவும், அவற்றை யாரும் தின்றுவிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகவும் பிற்பாடு தம் நினைவுக் குறிப்பில் அம்மையார் வேடிக்கையாக எழுதினார். கோழிகள் போனாலும் முட்டைகள் போகவில்லை. அந்தக் காலத்துப் புகைப்படக் காகிதத்தின் மேற்பூச்சே முட்டையின் வெண்கருதான் அல்லவா!

அந்தத் தொழிலின் பிரயாசையைச் சற்றே விஸ்தாரமாகச் சொன்னால்தான் அம்மையார் செய்த காரியத்தின் அருமை தெரியும். முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பழுதில்லாமல் துடைக்க வேண்டும்; ஆரம்பத்தில் அவர் உபயோகித்த தகடுகளே பெரியவை; பிற்பாடு வாங்கிய காமிராவுக்கு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை, தகட்டை நாற்புறமும் சாய்த்துச் சாய்த்து, ஒரு மூலையிலும் தேங்காமல் பரவவிட்டு, பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் சொட்டச் சொட்டக் காமிராவில் செருகி, படம் பிடித்து, அந்த ஈரம் உலர்வதற்குள் மறுபடி இருட்டறைக்கு ஓடி அதை உருத்துலக்கிக் கழுவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் எல்லாம் வீண். வெள்ளி உப்புப் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். அம்மையாரின் விரல்களும் உடைகளும் கறை படிந்தே இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் முடித்த கையோடு சாப்பாட்டு அறைக்கு ஓடி அவர் கணவரிடம் காட்டுவதும், அதிலிருந்து சொட்டும் ரசாயனத்தால் மேஜை விரிப்புகளெல்லாம் பாழாவதும், அந்தக் கிழவர் அதைச் சட்டை செய்யாமல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பரவசப்படுவதும் அந்த வீட்டின் நித்திய சம்பவங்கள்.

இப்படிக் கிடைத்த தகட்டைக் காகிதத்தின்மேல் வைத்து அழுத்தி, வெளியே கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்தில் காட்டினால்தான் படம் காகிதத்தில் ஊறும். வடகம் பிழிந்து காயப்போட்டுவிட்டு ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண்களைப் போல, அம்மையாரும் இங்கிலாந்தின் மேகங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பிறகு தங்க உப்பில் நிறமேற்றி, ஹைப்போவில் நிலைப்படுத்தி, பல தடவை தண்ணீரில் அலச வேண்டும். ஹைப்போவின் குணத்தைக் கண்டறிந்தவரும் ஹெர்ஷல்தான்.

அக்காலத்துத் தொழில்முறைப் படப்பிடிப்பு நிலையங்கள் கூரையும் சுவரும் கண்ணாடியாக, எங்கும் வெளிச்சம் பொழியும்படி கட்டப்பட்டிருந்தன. வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் படம் முடியும். வந்தவரும் தலையை இரும்புக் கவ்வியில் வைத்துக்கொண்டு அதிக நேரம் அவஸ்தைப்பட வேண்டியதில்லை. ஆனால் நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்தால் முகத்தின் மேடு பள்ளங்கள் மறைந்து, மூக்கும் கன்னமும் மோவாயும் ஒரே தட்டையாகிவிடும் என்பது கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொள்ளும் எவருக்கும் தெரிந்த விஷயம். அம்மையார் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஒரு பக்கத்து வெளிச்சத்தை மாத்திரம் அனுமதித்தார். அதற்குக் கொடுத்த விலை நேரம். உட்கார்ந்தவர் நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவர் மூச்சு விடத்தான் விடுவார், இமை கொட்டத்தான் கொட்டும், அந்தச் சலனமெல்லாம் படத்தில் மெல்லிய மசங்கலாக விழும். ஓர் அழகி அரைக்கணம் சிரித்துக் காட்டும் படத்தில் இல்லாத ஏதோ ஒன்று, சில நிமிஷம் மௌனமாக உட்கார்ந்திருந்த முகத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.

1867-இல் கென்ட் மாகாணத்தில் ஹெர்ஷலின் வீட்டுக்கே காமிராவையும் சாமான்களையும் எடுத்துச் சென்று அவர் எடுத்த படத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை. உட்காருவதற்கு முன் தலைமயிரைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னாராம்; எண்ணெயும் சீப்பும் இல்லாமல் பறக்கும் நரைமயிர் வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. உடம்பைக் கறுப்புத் துணியால் மூடியாயிற்று. பின்புறமும் இருள். எனவே ஜோதி வட்டம் போன்ற அந்த மயிரும், நெற்றிச் சுருக்கங்களும், வாழ்நாளெல்லாம் தொலைநோக்கியில் நட்சத்திரங்களை எண்ணிக் களைத்த இரண்டு ஈரக் கண்களும் தவிர படத்தில் வேறொன்றுமில்லை. நாற்காலி, புத்தகம், கைத்தடி, தூண், திரை என்று அந்தக் காலத்துப் படங்களில் அடைத்துவைக்கும் தட்டுமுட்டுகள் எதையும் அவர் சேர்க்கவில்லை. அதே ஆண்டில் தம் சகோதரி மியாவின் மகள் ஜூலியா ஜாக்ஸனை அவர் எடுத்த படத்தில், ஒரு பக்கம் திரும்பிய கழுத்தின் நரம்பு ஒன்றிலேயே வெளிச்சம் முழுவதும் நிற்கிறது. அந்தப் பெண்தான் பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃபின் தாயார்.

தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஃபோகஸ் சரியில்லை, தகட்டில் கீறல், ரேகை, கறை என்று பத்திரிகைகளில் பரிகாசம் செய்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யுமல்ல. கைரேகை பதிந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் எது நியாயமான ஃபோகஸ் என்று விதிக்க யாருக்கு உரிமை என்ற தோரணையில் 1864 கடைசியில் ஹெர்ஷலுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அறியாமையால் நேர்ந்த மசங்கல் என்று அவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணுக்கு அழகாகத் தோன்றுமிடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திவிடுவதே தம் வழக்கம் என்பது அவர் நிலை. என்னைக் கேட்டால், சில படங்களில் அது வெறும் அவசரமாகவும் இருந்திருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இறகு ஒட்டித் தேவதைகளாக்கிய படங்களை இன்று பார்த்து ரஸிப்பதற்குக் கொஞ்சம் தாட்சண்யம் வேண்டியிருக்கிறது.

அவருடைய முதல் வெற்றி, ஆனி என்ற சிறுமியின் முகம். 1864 ஜனவரி 29-ஆம் தேதி. படம் சரியாக வந்துவிட்டது என்று கண்டதும், குழந்தைக்குக் கொடுக்க ஏதாவது அகப்படுமா என்று வீடு முழுவதும் ஓடித் தேடினாராம். அன்றைக்கே அதைக் காகிதத்தில் எடுத்து, நிறமேற்றி, நிலைப்படுத்தி, சட்டமும் போட்டுக் குழந்தையின் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டார். முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழகு பார்க்கிற மனுஷி அல்ல அவர். அடுத்த மாதமே ஓவியர் வாட்ஸுக்குச் சமர்ப்பணமான ஓர் ஆல்பம்; நவம்பரில் ஹெர்ஷலுக்கு ஒன்று. அடுத்த ஆண்டு, குடும்பத்தின் பணமுடையில் கைகொடுத்துவந்த ஓவர்ஸ்டோன் பிரபுவுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் கொண்ட ஆல்பம். கடன் பட்டவர்கள் சாதாரணமாகப் பத்திரம்தான் எழுதிக் கொடுப்பார்கள். 1869-இல், எல்லாவற்றுக்கும் மூலமான காமிராவைக் கொடுத்த மகளுக்கும் மருமகனுக்கும் நன்றியாக ஒன்று தயாரித்தார்.

ஹெர்ஷலின் ஆல்பத்துக்கு நேர்ந்தது இன்னும் விநோதம். கொடுத்து மூன்று ஆண்டு கழித்து, அம்மையாருக்குத் தம் ஆரம்பப் படங்கள் திருப்தியளிக்கவில்லை. ஆல்பத்தைத் திருப்பி வாங்கி, அதற்குப் பிறகு எடுத்த சிறந்த படங்களைச் சேர்த்து, 1867 செப்டம்பரில் புதிதாக ஒரு சமர்ப்பணம் எழுதி மறுபடியும் கொடுத்தார். இப்போது அதில் 94 படங்கள் இருக்கின்றன. இக்காலத்துக் கல்யாண ஆல்பக்காரர் ஒருவர் மூன்று வருஷம் கழித்து வந்து, ‘என் வேலை இப்போது மேம்பட்டிருக்கிறது; ஆல்பத்தைக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன்’ என்று கேட்பதாகக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

பெரிய மனிதர்கள் மட்டுமே அவர் லென்ஸுக்கு முன் உட்கார்ந்தார்கள் என்பதில்லை. டென்னிசன், கார்லைல், 1868-இல் அவர்கள் வீடு ஒன்றில் வாடகைக்கு வந்து தங்கிய டார்வின் ஆகியோர் உட்கார்ந்த அதே லென்ஸுக்கு முன், வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் மாதாவாக உட்கார்ந்தாள். பிச்சையெடுத்துக்கொண்டிருந்த தாயுடன் வந்த ஐரிஷ் சிறுமி மேரி ரையன் அந்த வீட்டிலேயே வளர்ந்து, படங்களில் ராஜகுமாரியானாள். லண்டனில் அந்தப் படங்களின் கண்காட்சியில் அவளைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் 1867-இல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அவர் யார் தெரியுமா? இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்து, அஸ்ஸாமின் தலைமை ஆணையராகி, ஓய்வுக்குப் பின் 1904-இல் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தாரே, அந்த சர் ஹென்றி காட்டன்தான்.

தனிமனிதருக்குத்தான் ஆல்பம் என்பதுமில்லை. இலங்கையிலிருந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிய மகனை முதன்முதலாகச் சந்தித்த இடம் பிரோக்கன்ஹர்ஸ்ட் ரயில் நிலையம் என்பதற்காக, அதன் பிரயாணிகள் அறைச் சுவரில் மாட்டும்படி தாம் எடுத்த மகான்களின் படங்களை 1871-இல் நன்கொடையாக அளித்தார். 1874-இல் டென்னிசன் தம் ஆர்தர் மன்னர் காவியத்துக்குப் படம் எடுத்துத் தரக் கேட்டபோது, பதிப்பாளர்கள் அவற்றைச் சிறு மரச்செதுக்குகளாகக் குறுக்கிவிட்டதைப் பார்த்து மனம் பொறாமல், அசல் படங்களையே பெரிய அளவில் ஒட்டித் தம் செலவில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். லாபம் வந்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குள் இலங்கையில் காப்பிக்கு நோய் கண்டிருந்தது. 1869-இல் தோன்றிய இலைத்துரு தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டு வந்தது. வரவு குறைந்தது, கிழவருக்கோ தம் தீவுக்கே போய்விட வேண்டும் என்ற ஏக்கம். 1875-இல் இருவரும் கப்பலேறினார்கள். அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு பசுமாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

களுத்துறையில், அரசாங்க உத்தியோகத்திலிருந்த மகனின் வீட்டில், அம்மையார் மறுபடி காமிராவை நிறுத்தினார். வைட் தீவில் அவருக்குக் கைகொடுத்த வித்தையெல்லாம் இங்கே தலைகீழாயிற்று. பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைக்கும் உட்பட்ட ஊரில் நடுப்பகல் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். உஷ்ணத்தில் கொலோடியன் சீக்கிரம் உலரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் தெரியாது. வெள்ளைக்காரரின் நீலக் கண்களை அது வெளுப்பாக்கும். நம்மவரின் மாநிறத்தையோ உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1877-இல் அங்கே விருந்தாளியாக வந்த தாவர ஓவியர் மரியான் நார்த் தம் நினைவுகளில் வேடிக்கையாக ஒரு காட்சியை எழுதிவைத்திருக்கிறார். வெப்பமானி 96 பாகை காட்டிய வெக்கையில் அவருக்குக் கம்பளிப் போர்வை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றுகள் தலையில் குத்தும்படி நிறுத்தி, இலைகளினூடே வெயில் கண்ணில் ஊசியாகப் பாய்ந்துகொண்டிருக்க, இயல்பாக இருக்கும்படி அம்மையார் கட்டளையிட்டாராம். வெயிலை வடிகட்டுவதற்குக் கண்ணாடியும் திரையும் இல்லாத இடத்தில் மரத்தின் இலைகளே திரையாயின. உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு அழகாக இருக்கிறதென்பதற்காக, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்தச் சொல்லி மகனை வற்புறுத்தினார் என்பதும் நார்த் சொல்வதுதான்.

அந்த நாட்களின் படங்களாக ஏறத்தாழ முப்பதுதான் எஞ்சியுள்ளன. களுத்துறைக் குடியானவர்கள், இளம்பெண், வேலையாட்கள், தோட்டத்துத் தமிழர்கள் என்று கருதப்படுகிறவர்கள் ஆகியோர் நேராக லென்ஸைப் பார்த்து நிற்கிறார்கள். சில முகங்கள் ஃபிரெஷ்வாட்டர் முகங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. ஆனால் வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயரையும், பிச்சைக்காரச் சிறுமி மேரி ரையனின் பெயரையும் அக்கறையோடு நமக்கு விட்டுச்சென்றவர், இந்த மனிதர்களின் பெயர்களை எழுதவில்லை. பொதுவான சொற்களே தலைப்பாக நிற்கின்றன. இவர்களை யாருக்காக எடுத்தார் என்பதும் படத்தில் இல்லை. அம்மையாரை நேசிப்பவர்களும் இதை ஒரு குறையென்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

1879 ஜனவரி 26-ஆம் தேதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கிலிருந்த மகனின் தோட்டத்தில் அவர் காலமானார். கணவர் மறு ஆண்டு சென்றார். நண்பர்களுக்கென்று செய்த ஆல்பங்கள் கைமாறிக் கைமாறி உலகம் முழுவதும் சிதறின. ஓவர்ஸ்டோன் பிரபுவின் ஆல்பம் இப்போது கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில். வாட்ஸுடையது ராச்செஸ்டர் நகரத்தில். ஹெர்ஷல் ஆல்பம் 1974-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது ஓர் அமெரிக்க ரஸிகர் 52,000 பவுனுக்கு அதை எடுத்தார். நாட்டை விட்டுப் போகக் கூடாதென்று அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுக்க, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அடுத்த ஆண்டு தேசிய உருவப்பட மண்டபம் அதை வாங்கிக்கொண்டது. அந்த ஆல்பத்தில் இலங்கைப் படம் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தை அம்மையார் ஒட்டி முடித்தபோது, களுத்துறைக்கு வர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது.